டெம்போ என்ற பெயர் இருக்கிறது, டெம்போ எங்கே?

ஆம்பூர் பஜாரில் நின்று "ஒரு டெம்போ கூப்பிடுங்க" என்று சொன்னால் என்ன வண்டி வரும்? பெரும்பாலும் டாடா ஏஸ் வரும். அதாவது குட்டி யானை! அது இல்லையென்றால் வேறு ஏதாவது கம்பெனியின் சின்ன வண்டி வரும். நான்கு சக்கரம் இருக்கும். டெம்போ கம்பெனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஆனாலும் சரக்கு ஏற்றுபவர், இறக்குபவர், வாடகை பேசுபவர் எல்லோருக்கும் அது டெம்போதான்.

இந்தப் பெயரைக் கொடுத்த வண்டிக்கு மூன்றே சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. இன்று அதை ரோட்டில் பார்ப்பது அரிது. அதைத் தேடிப் பிடித்து வீட்டில் வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவர்கள் அதைவிட அரிது.

இதே காலத்தில் உலகின் இன்னொரு மூலையில் இன்னொரு மூன்று சக்கர வண்டி இருந்தது. ரோடே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்று செய்த விளையாட்டு வண்டி. ஆபத்தானது என்று 1988ல் அதன் விற்பனையே நிறுத்தப்பட்டது. ஆனால் இன்றும் அமெரிக்காவில் பலர் அதை வீட்டு ஷெட்டில் வைத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, பெயின்ட் அடித்து, ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உழைத்த வண்டி காணாமல் போனது. விளையாட்டு வண்டி பிழைத்துக்கொண்டது. ஏன் இப்படி?

ஹாம்பர்க்கில் இருந்து புனே வரை

கதை 1928ல் ஜெர்மனியில் தொடங்குகிறது. அந்த ஆண்டு அங்கே ஒரு சலுகை வந்தது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும், எஞ்சின் 200 சிசிக்கு மிகாமலும் இருந்தால் வண்டிக்கு வரி கிடையாது, ஓட்ட லைசென்ஸும் தேவையில்லை. கார் வாங்க வசதியில்லாத சிறு வியாபாரிகளுக்கு இது பெரிய வரம். காய்கறிக்காரர், ரொட்டிக்காரர், நிலக்கரி விற்பவர் எல்லோரும் மூன்று சக்கர வண்டி தேட ஆரம்பித்தார்கள்.

ஹாம்பர்க் பகுதியில் இருந்த விடால் அண்டு சோன் என்ற கம்பெனி இந்தச் சந்தையைப் பிடித்தது. அவர்கள் வண்டிக்கு வைத்த பெயர்தான் டெம்போ. உலகப் போர் முடிந்த பிறகு, 1949ல் அவர்கள் கொண்டுவந்த மாடலுக்குப் பெயர் ஹன்சியாட். பழைய காலத்தில் ஹாம்பர்க் போன்ற துறைமுக நகரங்களின் வணிகர்கள் சேர்ந்து நடத்திய ஹன்சா கூட்டமைப்பின் நினைவாக வந்த பெயர். வணிகர்களின் வண்டிக்கு வணிகர்களின் பெயர். பொருத்தம்தானே!

இந்த வண்டியின் அமைப்பு வேடிக்கையானது. எஞ்சின், கியர் எல்லாமே முன்பக்கம். சுமார் 400 சிசி கொண்ட இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், செயின் மூலம் முன் சக்கரத்தைச் சுற்றும். வண்டியை இழுப்பதும் திருப்புவதும் அந்த ஒரே சக்கரம்தான். பின் அச்சுக்கு எஞ்சினில் இருந்து எந்தத் தண்டும் போகாது. அதனால் பின்னால் முழுவதும் சரக்குக்கே இடம். தளமும் தாழ்வாக இருக்கும். மூட்டையைத் தலைக்குமேல் தூக்கி எறிய வேண்டியதில்லை.

இந்தியாவில் இதைச் செய்யும் உரிமையைப் பெற்றுத் தொழிற்சாலை தொடங்கியவர் என்.கே. பிரோடியா. 1958ல் பஜாஜ் டெம்போ என்ற கம்பெனி உருவானது. முதலில் மும்பையின் கோரேகாவில் வேலை நடந்தது. பிறகு புனே அருகே ஆக்குர்டிக்கு மாறியது. ஜெர்மனியில் 1950களின் நடுவிலேயே நின்றுபோன ஹன்சியாட், இந்தியாவில் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. பின்னாளில் டீசல் எஞ்சினோடும் வந்தது.

அதன் தம்பிகளும் வந்தார்கள். நான்கு சக்கர மெட்டாடர் வந்தது. 1987ல் டிராவலர் வந்தது. 1996ல் மறுபடியும் மூன்று சக்கரத்தில் மினிடோர் வந்தது. 2005ல் கம்பெனியே தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அதே 2005ல்தான் டாடா ஏஸும் சந்தைக்கு வந்தது. ஆக, கம்பெனி பெயர்ப் பலகையில் இருந்து 'டெம்போ' போய்விட்டது. ஜனங்கள் வாயில் இருந்து மட்டும் போகவில்லை.

தோல் ஊர்களும் சின்ன வண்டியும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்த ஊர்களைச் சேர்த்துத்தான் தோல் பகுதி என்கிறோம். 2019 வரை எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம். இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

இங்கே நடக்கும் தொழிலின் தன்மையைப் பார்த்தால் சின்ன வண்டி ஏன் அவசியம் என்பது புரியும். பச்சைத் தோல் ஒரு இடத்தில் இறங்கும். இன்னொரு இடத்தில் பதனிடுவார்கள். சாயம், பாலிஷ் வேலை வேறொரு இடம். ஷூவின் மேல்பாகம் தைப்பது ஒரு தெரு என்றால், அடிப்பாகம் ஒட்டுவது வேறு கட்டடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் சரக்கு கொஞ்ச தூரம் போகவேண்டும். லாரிக்கு இந்தச் சுமை போதாது. சந்துக்குள் லாரி நுழையவும் முடியாது. மாட்டு வண்டிக்கோ நேரம் போதாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தியா முழுக்க மூன்று சக்கரச் சுமை வண்டிகள் வந்தன. ஸ்கூட்டர்களுக்குப் பெயர் பெற்ற பஜாஜ் ஆட்டோ கம்பெனியும் 1971ல் மூன்று சக்கரச் சுமை வண்டியையும், 1977ல் எஞ்சின் பின்னால் உள்ள ஆட்டோவையும் கொண்டுவந்தது.

ஆனால் தோல் சாதாரணச் சரக்கு இல்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்கள். அதில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இரும்புத் தகட்டுக்கு உப்புத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி உண்டா? இப்படிச் சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தளம்தான் முதலில் போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் சல்லடை!

அந்த உப்பு வண்டியோடு நிற்கவில்லை என்பதும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது.

ரோடே வேண்டாத வண்டி

இனி அந்த விளையாட்டு வண்டியைப் பார்ப்போம்.

1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா பைக் விற்றவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. பனிக்காலம் வந்தால் பைக் வாங்க ஆள் வராது. பனியிலும் மணலிலும் சேற்றிலும் ஓடும்படி ஏதாவது செய்து கொடுங்கள் என்று ஜப்பானுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒசாமு தாகேயுச்சி என்ற எஞ்சினியரிடம் வேலை வந்தது. அவர் பல சக்கர எண்ணிக்கைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் மூன்றில் வந்து நின்றார்.

1970ல் யு.எஸ்.90 என்ற பெயரில் வண்டி வெளிவந்தது. விலை 595 டாலர். 89 சிசி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். படுக்கை வசத்தில் ஒரே சிலிண்டர். நம் ஊரில் ஹீரோ ஹோண்டா சிடி 100 எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு இது தூரத்துச் சொந்தம் போலத் தெரியும். பின்னர் இந்த வரிசைக்கு ஏ.டி.சி. என்று பெயர் வந்தது. 1971ல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபார் எவர்' ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் இது ஓடியது.

வண்டியின் ரகசியம் டயரில் இருந்தது. பலூன் மாதிரி உப்பிய 22 அங்குல டயர். அதில் காற்று மிகமிகக் குறைவு. அதனால் டயர் தரையோடு அகலமாகப் படியும், மணலில் புதையாது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. டயரே ஸ்பிரிங்!

விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1984ல் மட்டும் ஹோண்டா இந்த வகை வண்டிகளில் சுமார் 3,70,000 விற்றது. வாங்கியவர்களில் விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கியவர்களும் இருந்தார்கள். அங்கேதான் சிக்கல்.

முக்காலி ஆடாது, ஆனால் சாயும்

மேடு பள்ளமான தரையில் நாற்காலியைப் போட்டால் ஏதாவது ஒரு கால் தூக்கிக்கொண்டு ஆடும். முக்காலியைப் போட்டால் ஆடாது. மூன்று கால்களும் எப்போதும் தரையைத் தொடும். கரடுமுரடான தரைக்கு மூன்று சக்கரம் பொருந்துவது இதனால்தான்.

ஆனால் அதே முக்காலியின் ஓரத்தில், இரண்டு கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாருங்கள். சட்டென்று கவிழும். மூன்று சக்கர வண்டியும் அப்படித்தான். முன் சக்கரத்தையும் ஒரு பின் சக்கரத்தையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டைத் தாண்டி எடை போனதும் வண்டி சாயும். எடை முன்பக்கம் போகப் போக அந்தக் கோடு நெருங்கி வந்துவிடும். அதனால் காலியாக வரும் டெம்போவை வேகமாகத் திருப்புவதும் ஆபத்து. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறக்கத்தில், வளைவில், பிரேக்கையும் அழுத்தினால் எடை முழுவதும் முன்னால் ஓடிவரும். மூன்று சக்கர வண்டிக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஹோண்டா வண்டியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டப்பட்டவை. காரில் இருப்பதுபோல் டிபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் வண்டி திரும்ப மறுக்கும், நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் தன் உடல் எடையை மாற்றி, உள் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துத்தான் திருப்ப வேண்டும். பழகியவருக்கு இது கலை. பத்து வயதுப் பிள்ளைக்கு? பைக் பழக்கத்தில் காலைக் கீழே ஊன்றினால் பின் டயர் காலின் மேலேயே ஏறிவிடும்.

நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பலர். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது, அரசு நீதிமன்றத்துக்குப் போனது. 1988 ஏப்ரலில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கைப்படி கம்பெனிகள் புதிய மூன்று சக்கர வண்டிகள் விற்பதை நிறுத்தின. அவற்றின் இடத்தை நான்கு சக்கர வண்டிகள் பிடித்தன. பத்தாண்டு உடன்படிக்கை முடிந்த பிறகும் மூன்று சக்கரம் திரும்பி வரவில்லை. 2008ல் வந்த சட்டம் அந்தக் கதவை மறுபடியும் சாத்தியது.

ஆனால் ஏற்கெனவே விற்ற வண்டிகளைக் கம்பெனிகள் திரும்ப வாங்கவில்லை. அவை வீட்டு ஷெட்டுகளில் தூங்கின. அன்று அதில் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து, கையில் காசு வந்ததும், அதைத் தூசு தட்டி எடுக்க ஆரம்பித்தார்கள்.

பிழைத்ததும் பிழைக்காததும்

இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம்.

விளையாட்டு வண்டி வருடத்தில் சில நாள்தான் ஓடும். மீதி நாள் நிழலில் நிற்கும். தேயாது. சொந்தக்காரருக்கு அதன் மேல் ஒரு பாசம் இருக்கும், விற்கவேண்டிய அவசரமும் இருக்காது.

சுமை வண்டியின் விதி வேறு. அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். எப்.சி. எடுக்கவேண்டும், பர்மிட், இன்சூரன்ஸ், டியூ கட்டவேண்டும். எஞ்சின் போனால் கிடைக்கிற வேறு எஞ்சினைப் பூட்டுவார்கள். தளம் போனால் கிடைக்கிற தகட்டை வைத்து வெல்டு அடிப்பார்கள். அடுத்த ஆண்டு எப்.சி. கிடைக்காது என்று தெரிந்தால் வண்டி நேராகக் காயலான் கடைக்குத்தான். பாசம் இல்லாமல் இல்லை. நிறுத்திவைக்க இடமும் காசும் இல்லை, அவ்வளவுதான்.

சட்டமும் இதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டி, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால், 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி நம்பர் வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபடி புதுப்பிக்க 5,000 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் விதியை உன்னிப்பாகப் படித்தால் ஒன்று தெரியும். அது பேசுவது இரண்டு சக்கர வண்டிகளையும், சொந்தப் பயன்பாட்டுக்கான நான்கு சக்கர வண்டிகளையும் பற்றித்தான். மூன்று சக்கர வண்டி அதில் இல்லை. வாடகைக்கு ஓடிய சுமை வண்டியும் இல்லை.

அதாவது, ஒரு ஜமீன்தாரின் கார் 'பாரம்பரியம்' ஆகலாம். அதே வயதுள்ள டெம்போ பழைய இரும்புதான்! இத்தனைக்கும் ஊரைக் கட்டியதில் யாருக்குப் பங்கு அதிகம்?

வீட்டில் ஒரு வண்டியை எழுப்புவது

சரி, எங்காவது ஒரு மாந்தோப்பு ஷெட்டில் பழைய மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது அல்ல. காகிதம். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, அதில் உள்ள சேஸி நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வண்டி எவ்வளவு அழகாக எழுந்தாலும் ரோட்டுக்கு வராது.

இரண்டாவது வேலை போட்டோ. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுக்க வேண்டும். போல்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்த வாஷர் எங்கே போகும் என்று யாருக்கும் நினைவிருக்காது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தால் வலுக்கட்டாயமாகச் சுற்றக்கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலோ ஊடுருவும் எண்ணெயோ விட்டுச் சில நாள் ஊறவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் சீல்கள் முக்கியம். காய்ந்துபோன சீல் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனவே சீல் மாற்றாமல் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். கடையில் கிடைக்காத புஷ், பின் எல்லாம் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதக்கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. நனைத்துத் துடைப்பதே சரி. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடக் கூடாது.

அடுத்து துரு. இங்கேதான் தோல் பகுதிக்கே உரிய ஒரு சுவையான விஷயம் இருக்கிறது.

ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோலின் மேல் ஈர இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும். பட்டையில் உள்ள டானினும் இரும்பும் சேர்ந்து மை போல ஆகிவிடுவதுதான் காரணம். பழைய காலத்து எழுதும் மையே இந்த முறையில் செய்ததுதான். பட்டைத் தோலை இரும்பில் படாமல் வைப்பது இந்தத் தொழிலின் பாலபாடம். தோலுக்கு எதிரியான இதே சேர்க்கை, துருப்பிடித்த வண்டிக்கு மருந்து! பழைய வாகனங்களைச் சரிசெய்பவர்கள் துருவின் மேல் தடவும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' பலவற்றில் இருப்பது இதே டானிக் அமிலம். தடவியதும் செந்துரு கருநீலமாக மாறி, அடியில் உள்ள இரும்பைக் கொஞ்சம் காக்கும் படலமாகும். அதன் மேல் பிரைமர் அடிக்கலாம். ஆனால் ஓட்டையை இது அடைக்காது. சல்லடையான தளத்தை வெட்டி எடுத்துப் புதுத்தகடு வைத்துத்தான் ஆகவேண்டும். பட்டி பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலம் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாகப் பெயின்ட். எல்லாவற்றையும் சுரண்டிப் புதுசாக்குவதற்கு முன் ஒரு ஓரத்தில் மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பது நல்லது. மேல் பெயின்டுக்கு அடியில் பழைய கம்பெனிப் பெயர், மண்டியின் பெயர், பிள்ளைகளின் பெயர், ஒரு சாமி பெயர் என்று ஏதாவது எழுதியிருக்கலாம். அது வண்டியின் வாழ்க்கைக் குறிப்பு. அதை அழித்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் இரும்பு.

எதைத் திரும்பக் கொண்டுவருவது?

பழைய வண்டியைச் சரிசெய்யும் எவருக்கும் ஒரு கேள்வி வரும். பழைய குறையையும் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருவதா? ஹோண்டா வண்டிக்கு டிபரன்ஷியல் வைத்துவிட்டால் அது 1970ன் வண்டி இல்லை. டெம்போவுக்கு நான்காவது சக்கரம் வைத்தால் அது டெம்போவே இல்லை. எனவே குறையை மாற்றாமல் வைப்பதுதான் வரலாற்றுக்கு நேர்மை. ஆனால் அந்தக் குறை எத்தனை பேரைக் கீழே தள்ளியது என்பதையும் மறக்காமல் வைப்பதுதான் மனிதருக்கு நேர்மை. மாடலை மாற்ற வேண்டாம். வேகத்தைக் குறைக்கலாம், பிரேக்கைப் பக்காவாக வைக்கலாம், சிறுவர் கையில் சாவி கொடுக்காமல் இருக்கலாம்.

எல்லோராலும் வண்டி வாங்கிச் சரிசெய்ய முடியாது. அதற்குப் பணம், இடம், நேரம் எல்லாம் வேண்டும். ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. பழைய டெம்போ, பழைய ஆட்டோ ஓட்டிய பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். என்ன ஏற்றினார்கள், எந்த மேட்டில் வண்டி திணறியது, வாடகை எவ்வளவு, வண்டியை எப்போது, என்ன விலைக்குக் காயலான் கடையில் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம். பீரோவில் கிடக்கும் ஆர்.சி. புத்தகத்தையும், வண்டி முன்னால் நின்று எடுத்த பழைய போட்டோவையும் குப்பையில் போடாமல் வைக்கலாம்.

ஹன்சா வணிகர்களின் பெயர் ஒரு சுமை வண்டியால் இன்னும் கொஞ்ச காலம் வாழ்ந்தது. டெம்போ என்ற பெயர் ஆம்பூர் பஜாரில் இன்னும் வாழ்கிறது. அந்தப் பெயருக்குச் சொந்தமான வண்டியும் ஒன்றிரண்டாவது மிஞ்சட்டும். அதை ஓட்டியவர்கள் சொல்லும் கதையும் மிஞ்சட்டும்.